இரண்டு துளையிலும் எரிந்தது

அந்த அம்பிளிபயரை இரண்டு பேர் ஒரே நேரத்தில் பிடித்தோம். இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் ஒரு பெண்.

ஒஸ்லோவில், அம்மருட்டில் எங்கள் கட்டடத்தில் பனி கரைந்த பிறகு டுக்னாட் என்று ஒரு கூட்டுவேலை வைப்பார்கள். எல்லா வீட்டாரும் கீழே இறங்கி முற்றம் கூட்டுவார்கள். நிலவறையில் கிடக்கும் பழசுகளைப் பெரிய இரும்புத் தொட்டியில் போடுவார்கள். முடிவில் கோப்பியும் சொசேஜும். என் கையில் விளக்குமாறு இருந்தாலும் கண் தொட்டியில்தான் இருக்கும். சனம் நல்ல சாமான்களை எறியும்.

“கவனம், பாரம்” என்றேன். என்னை அறியாமல் தமிழில் வந்துவிட்டது.

“பரவால்லீங்க, நீங்க எடுத்துக்கங்க” என்றாள். கையை எடுக்கவில்லை.

தமிழ்நாட்டுப் பிள்ளை. முப்பது வயது இருக்கும். லிஃப்டில் கண்டிருக்கிறேன். இந்திக்காரி என்று நினைத்திருந்தேன்.

“உமக்கு உது என்னத்துக்கு?”

“உள்ள இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் வேணுங்கண்ணா. உங்களுக்கு?”

“எனக்கும் அதுதான்.”

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையில் எனக்கு அது அவசியமும் இல்லை. நான் ஊரில் றேடியோ திருத்தும் கடை ஒன்றில் நின்றவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. இங்கே ஆஸ்பத்திரித் துணி தோய்க்கும் இடத்தில் வேலை. டிரான்ஸ்போமரைக் கண்டால் விட்டுவிட்டுப் போக மனம் வராது, அவ்வளவுதான்.

அவளுக்கு அவசியம் இருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் நின்றே சொன்னாள். ஊர் கோயம்புத்தூர். எலெக்ட்ரோனிக்ஸ் படித்தவள். ஒஸ்லோவில் வேலை கிடைத்துத் தனியாக வந்தாள். கம்பனி அவள் வேலை செய்த பிரிவையே மூடிவிட்டது. வேலை இருந்தால்தான் விசா. கோடைக்குள் இன்னொரு வேலை எடுக்க வேண்டும், இல்லையென்றால் திரும்பிப் போக வேண்டும். எழுதிப் போட்ட இடங்களில் ஒரே ஓர் இடம் கூப்பிட்டிருந்தது. லோறென்ஸ்கூக்கில் ஒரு சின்னக் கம்பனி. சுவருக்குள் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கும் கருவிகள் செய்கிறவர்கள். நீயே செய்த ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து காட்டு என்று சொல்லியிருந்தார்கள்.

செய்து வைத்திருந்தாள். தீப்பெட்டி அளவில், ஈரம் பார்க்கும் ஒரு சர்க்யூட் போர்ட். பற்றறியில் ஓடுவது. பற்றறி மெல்ல மெல்லச் சாகும்போது அது எதுவரை தாக்குப்பிடிக்கும் என்று அவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அதைப் பார்க்க வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பவர் சப்ளை வேண்டும். இணையத்தில் மலிவாக ஒன்று எடுத்தாளாம். சுவிச்சைப் போட்டதும் அதில் வோல்ட் துள்ளி எழும்பியது. முதல் போர்ட் எரிந்து போனது.

“இன்னும் ஒண்ணுதாங்க இருக்கு. அதுவும் போச்சுன்னா வெறுங்கையோட போய் நிக்கணும். அதான் நானே நல்லதா ஒண்ணு கட்டிக்கலாம்னு.”

“எங்கை வைச்சுச் செய்வீர்?”

“கட்டில் மேலதாங்க. ரூம்ல மேசை இல்ல.”

“எங்கடை குசினியிலை மேசை இருக்கு. வாரும்.”

மேசை இருந்தது. ஆனால் அது என் மனிசியின் மேசை. அதை நான் யோசிக்கவில்லை.

மனிசி கதவைத் திறந்ததும் முதலில் அம்பிளிபயரைப் பார்த்தாள். பிறகு பெண்ணைப் பார்த்தாள். பிறகு என்னை.

“குப்பை கொட்டப் போன மனிசன் குப்பையோடை ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாறார்.”

“வணக்கங்கக்கா” என்றாள் அவள்.

“அக்காவோ? சரி, அது நல்லாத்தான் கிடக்கு. வாங்கோ, இருங்கோ. சாப்பிட்டனீங்களோ?”

“சாப்பிட்டேனுங்க.”

“பொய். முகத்திலை தெரியுது. நீ ‘ங்க’ போடுறாய், நாங்கள் ‘ங்கோ’ போடுறம். பசி எல்லாருக்கும் ஒண்டுதான். இரு பிள்ளை.”

மனிசி புட்டை வைத்தாள். அவள் சீனி கேட்டாள். மனிசி மீன்குழம்பை ஊற்றினாள். அவள் அதைச் சாப்பிட்டாள், பிறகு இன்னும் கேட்டாள். அன்றிலிருந்து அவள் எங்கள் வீட்டுக்கு வந்து போகத் தொடங்கினாள்.

எனக்குக் காலை முறை வேலை. மத்தியானம் தாண்டி வீட்டுக்கு வருவேன். அவள் வருவாள். மேசையில் பழைய பத்திரிகையை விரித்து வேலை செய்வோம். அதிகம் கதைப்பதில்லை. எப்படி இணைக்க வேண்டும் என்று அவள் கீறித் தருவாள். நான் ஈயம் வைப்பேன். அவளுக்கும் ஈயம் வைக்க வரும். ஆனால் அவளுடைய கை சின்னச் சாமான்களுக்குப் பழகியது. தடித்த வயரும் பெரிய டிரான்ஸ்போமரும் என் பக்கம்.

அம்பிளிபயரிலிருந்து டிரான்ஸ்போமர், கறண்டைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிற்றர், சூட்டை வாங்கும் அலுமினியக் கட்டை எல்லாவற்றையும் கழற்றினேன். மிச்சத்தைக் குப்பைப் பையில் போட்டுப் பல்கணியில் வைத்தேன். வோல்ட்டைப் பிடித்து நிறுத்தும் மூன்று கால் சாமான் அவளிடம் இருந்தது. திருகிக் கூட்டிக் குறைக்கும் குமிழ் என்னிடம் இருந்தது. பெட்டிக்கு, மனிசி டிசம்பரில் நத்தார் கேக் வைக்கும் தகர டப்பா.

“கேக்குக்கு என்ன செய்யிறது?”

“நத்தாருக்கு இன்னும் நாள் கிடக்கு.”

“உந்த மறுமொழிக்கு உங்களுக்கு ஒரு பரிசு தரவேணும்.”

சுவிச் வைக்கும் நாள் வந்தது. சுவரிலிருந்து வரும் இரண்டு வயரில் எதை வெட்டுவது என்று பார்க்க வேண்டும். ஊரில் இதற்கு டெஸ்டர் இருக்கும். பிடிக்குள் சின்ன விளக்கு வைத்த ஸ்குரூ டிரைவர். சுவர்த் துளைக்குள் விட்டு, பின்பக்கத்தில் விரலை வைத்தால், கறண்ட் உள்ள துளையில் விளக்கு எரியும். மற்றத் துளை செத்தது, எரியாது. எரிகிற பக்கத்து வயரில் சுவிச்சை வைக்க வேண்டும். பியூசும் அதே வயரில். கடையில் எனக்கு முதலில் காட்டித் தந்தது இதைத்தான்.

டெஸ்டரைத் துளையில் விட்டேன். எரிந்தது. மற்றத் துளையில் விட்டேன். அதிலும் எரிந்தது.

“டெஸ்டர் பழசாயிருச்சோ என்னமோங்கண்ணா. என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. அப்பா பெட்டில போட்டு அனுப்பினாரு.”

மேலே போய் எடுத்து வந்தாள். அதுவும் இரண்டு துளையிலும் எரிந்தது. இரண்டு பேரும் இரண்டு டெஸ்டரோடு சுவருக்கு முன்னால் குந்தியிருந்தோம்.

“நியூட்ரல் அறுந்திருக்கும்” என்றாள். “ஊர்ல இப்படி ரெண்டுலயும் எரிஞ்சா அதாங்க அர்த்தம்.”

நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் பிரிட்ஜ் இரைந்துகொண்டு இருந்தது.

“அறுந்தால் பிரிட்ஜ் எப்பிடி ஓடும்?”

அவள் பிரிட்ஜைப் பார்த்தாள். யோசித்தாள். “பழைய கட்டடம். எங்கயோ கசியுது போல” என்றாள்.

எங்கயோ கசியுது என்று இரண்டு பேரும் வைத்துக்கொண்டோம். கொஞ்சம் கூடுதல் பிரகாசமாக எரிந்த பக்கத்தைக் கறண்ட் பக்கம் என்று எடுத்தேன். அந்த வயரில் பியூசும் சுவிச்சும் வைத்தேன்.

முதல் தடவை போட்டபோது அவள் தன் போர்டை இணைக்க விடவில்லை. நானும் கேட்கவில்லை. கார் விளக்கு பல்ப் ஒன்றைக் கொழுவினோம். சுவிச்சைப் போட்டேன். குமிழை மெதுவாகத் திருகினேன். பல்ப் மெல்லச் சிவந்து, மஞ்சளாகி, வெள்ளையானது. திருப்பிக் குறைத்தேன். அதே மாதிரி மெல்ல இறங்கியது. துள்ளல் இல்லை. மீற்றரில் முள் ஆடாமல் நின்றது.

“சூப்பர்ங்கண்ணா!” என்று கையைத் தட்டினாள். மனிசி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “இவ்வளவு பாடுபட்டு ஒரு பல்போ?” என்றாள்.

பியூஸ் பிடிக்கும் துண்டு கொஞ்சம் ஆடியது. அதை இறுக்கிவிட்டு போர்டை இணைக்கலாம் என்று முடிவு. என் விரல் தடித்தது, அந்த இடத்துக்குள் போகாது. அவளுடையது போகும். நான் சுவிச்சை அணைத்தேன். பிளக்கைக் கழற்றவில்லை.

“நிப்பாட்டியாச்சு. கை வையும்.”

அவள் ஒரு கையால் டப்பாவைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை உள்ளே விட்டாள்.

ஒரு சத்தம் போட்டாள். கை வெளியே பறந்து வந்தது. முழங்கை பக்கத்தில் இருந்த போர்டைத் தட்டியது. போர்ட் மேசையால் வழுக்கி, கீழே ஸ்டூலில் மனிசி உழுந்து ஊறப் போட்டிருந்த சட்டிக்குள் விழுந்தது.

நான் பிளக்கை இழுத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. மனிசி ஓடி வந்து அவளைத் தன்னோடு சாய்த்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தாள். விரல் நுனியில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. வேறு ஒன்றும் இல்லை.

“நெஞ்சு நோகுதோ பிள்ளை?”

“இல்லீங்க. படபடன்னு இருக்கு.”

மனிசி என்னைப் பார்த்தாள்.

“நிப்பாட்டியாச்சு எண்டு சொன்னீங்கள். எதை நிப்பாட்டினீங்கள்?”

சுவிச்சைப் பார்த்தேன். அணைத்துத்தான் இருந்தது.

அவள் எழும்பவில்லை. அவளுடைய கண் உழுந்துச் சட்டியில் இருந்தது. அதற்குள்தான் அவளுடைய மிச்சம் இருந்த ஒரே போர்ட். நான் கையை விட்டு எடுத்தேன். நுரையும் உழுந்துத் தோலும் ஒட்டியிருந்தன. குழாய்த் தண்ணீரில் கழுவினேன்.

“அவ்வளவுதாங்க” என்றாள். “ஊருக்கு டிக்கெட் போட்டுற வேண்டியதுதான்.”

“கறண்ட் கொழுவயில்லை. காய்ஞ்சால் வேலை செய்யும்” என்றேன்.

“ஈரம் பாக்கிற சாமான் எல்லோ” என்றாள் மனிசி. “ஒருக்கா வடிவாப் பாக்கட்டும்.”

அவள் அழுகையோடு சிரித்தாள். போர்டைக் குளியலறை நிலத்தில் வைத்தோம். அங்கே தரைக்குக் கீழே சூடு ஓடும். மனிசி அதன் மேல் சல்லடையைக் கவிழ்த்து வைத்தாள், யாரும் மிதித்துவிடாமல்.

அடுத்த நாள் வேலையால் வந்ததும் வக்மெஸ்தரைத் தேடிப் போனேன். கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர். வடக்கே மீன்பிடிக்கிற ஊரைச் சேர்ந்தவர். அவரும் என்னைப் போல், கதை குறைவு. சைக்கிள் அறைக் கதவுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தார். எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் கேட்டேன், சுவரில் இரண்டு துளையிலும் கறண்ட் இருக்கிறது, வயர் எங்கேயும் பழுதா என்று.

“பழுதில்லை. இந்தக் கட்டடத்தில் அப்படித்தான்.”

“இரண்டிலுமா?”

“இரண்டிலும். பழைய இணைப்பு. செத்த வயர் என்று ஒன்று இல்லை.”

எண்ணெய் விடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். “உன் நாட்டில்?”

“ஒன்றில் மட்டும்.”

“மற்றது என்ன செய்யும்?”

“திரும்பிப் போகும்.”

“ம்” என்றார். கொஞ்சம் யோசித்தார். “இங்கே சுவிச் இரண்டையும் வெட்ட வேண்டும். பியூசும் இரண்டிலும். கையை விடுவதற்கு முன் பிளக்கைக் கழற்று. எப்போதும்.” பிறகு, “யாருக்காவது அடித்ததா?” என்று கேட்டார்.

“ஒரு பிள்ளைக்கு.”

“டாக்டரிடம் காட்டு” என்றார். மறுபடி எண்ணெய் விடத் தொடங்கினார்.

மனிசி அவளை அன்றே கூட்டிக்கொண்டு போனாள். நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள்.

அவர்கள் திரும்பி வருவதற்குள் நான் பல்கணிக்குப் போய்க் குப்பைப் பையைக் கொட்டினேன். அம்பிளிபயரின் சொந்த சுவிச் அதற்குள் கிடந்தது. இரண்டு வயரையும் ஒன்றாக வெட்டுகிற சுவிச். கழற்றும்போதே கண்டிருந்தேன். வீணாக இரட்டையாகச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்து எறிந்திருந்தேன். எடுத்துத் துடைத்து, இருந்ததைக் கழற்றிவிட்டு இதை வைத்தேன். இரண்டு வயரிலும் பியூஸ் வைத்தேன்.

வந்ததும் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்: இங்கே இரண்டு வயரிலும் கறண்ட், நான் வெட்டியது ஒன்றைத்தான், மற்றதால் வந்து அடித்திருக்கிறது. இரண்டு டெஸ்டரையும் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“அப்ப டெஸ்டர் ரெண்டும் சரியாத்தான் சொல்லிச்சு.”

“ஓம்.”

“நாமதான் நம்பல.”

“ஓம்.”

பிளக்கைப் போட்டு, சுவிச்சை அணைத்து, உள்ளே ஒவ்வொரு இடமாக டெஸ்டரால் தொட்டுக் காட்டினேன். சுவிச்சுக்கு அப்பால் எங்கேயும் எரியவில்லை. அவள் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். பிளக்கைக் கழற்றினேன். என் கையை உள்ளே வைத்தேன். அப்படியே வைத்திருந்தேன். பிறகுதான் கிட்ட வந்தாள். பியூஸ் துண்டை அவளே இறுக்கினாள். மூடியைப் பூட்டினோம்.

போர்ட் காய்ந்திருந்தது. மூன்று வோல்ட்டில் வைத்து இணைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

அவள் போர்டைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தாள். கால்களுக்கு நடுவில் வெள்ளையாகக் காய்ந்த உழுந்து மா. ஸ்பிரிற்றும் பல் துலக்கும் பிரஷும் கொடுத்தேன். நிறைய நேரம் தேய்த்தாள். மறுபடி இணைத்தாள். சின்னப் பச்சை விளக்கு ஒன்று சிமிட்டியது. அவளுடைய கொம்பியூட்டரில் இலக்கம் வந்தது. நூற்றுக்கு நூறு ஈரம்.

“உண்மையைத்தானே சொல்லுது” என்றாள் மனிசி.

இன்னும் ஒரு நாள் சல்லடைக்குள் வைத்தோம். பிறகு இலக்கம் இறங்கியது.

அதற்குப் பிறகு வந்த பின்னேரங்களில் நான் குமிழைத் திருகினேன். அவள் கொம்பியூட்டரைப் பார்த்தாள். மூன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பேன். இரண்டரைக்குக் கிட்ட வந்ததும் போர்ட் மயங்கி விழுந்து மறுபடி எழும்பும்.

“நிறுத்துங்கண்ணா.”

நிறுத்துவேன். அவள் ஏதோ எழுதி மாற்றுவாள். மறுபடி மூன்றிலிருந்து. அதே இடத்தில் விழும். மறுபடி. எனக்கு அவள் எழுதுவது விளங்காது. குமிழை ஒரே சீராகத் திருக வேண்டும் என்பது விளங்கும். தோய்க்கிற இடத்தில் பெரிய விரிப்புகளை மெஷினுக்குள் விடுவதும் இப்படித்தான். இழுத்தாலும் பழுது, விட்டாலும் பழுது.

ஒரு நாள் இரண்டரை தாண்டியது. அவள் கொம்பியூட்டருக்குக் கிட்டக் குனிந்தாள். நான் திருகினேன். இரண்டே கால். இன்னும் கீழே. இரண்டுக்குக் கிட்ட வந்து அமைதியாக நின்றது. விழவில்லை, தானாக உறங்கிப் போனது. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. நான் திருப்பிக் கூட்டினேன். எழும்பியது.

“இன்னொரு வாட்டி” என்றாள். இன்னொரு தடவையும் அதே இடத்தில் உறங்கியது.

நேர்முகத்துக்கு டப்பாவையும் கொண்டு போகிறேன் என்றாள். அவர்களுக்கு முன்னால் குறைத்துக் காட்ட வேண்டுமாம். நான் மூடியைக் கழற்றி எல்லாத் திருகாணியையும் ஒருமுறை பார்த்து, மறுபடி பூட்டிக் கொடுத்தேன். மனிசி அதை ஒரு துவாயில் சுற்றிப் பையில் வைத்தாள். பாரமான பை. அவள் லோறென்ஸ்கூக் பஸ்ஸில் ஏறியதைப் பல்கணியிலிருந்து பார்த்தோம்.

பின்னேரம் வந்தாள். சப்பாத்தைக் கழற்ற முதலே மனிசி பிடித்துக்கொண்டாள்.

“என்ன சொன்னவங்கள்?”

“பெட்டிய செருக விடலீங்க.”

“என்னெண்டு?”

“அங்க ஒருத்தர் பாத்தாரு. இது வீட்டுல செஞ்சதா, முத்திரை இல்லையே, எங்க சுவர்ல செருகக் கூடாதுன்னுட்டாரு. மரியாதையாத்தான் சொன்னாரு.”

மனிசிக்குக் கோபம் வந்தது. “இந்த மனிசன் வேலையாலை வந்து குந்தியிருந்து செய்த பெட்டி. முத்திரையாம்!”

“அவர் சொன்னது சரி” என்றேன். சரிதான். எங்கள் வேலையிடத்திலும் அதே சட்டம்.

“பிறகு?” என்றாள் மனிசி.

“அவங்ககிட்டயே பெருசா ஒண்ணு இருந்துச்சுங்க. எதுவரைக்கும் ஓடும்னு கேட்டாங்க. நான் சொன்னேன். அவங்க குறைச்சுப் பாத்தாங்க. நான் சொன்ன அதே எடத்துல தூங்கிருச்சு.”

“அதே இடமோ?” என்று கேட்டேன்.

“அதே எடங்கண்ணா.”

பையைத் திறந்து டப்பாவை மேசையில் வைத்தேன். ஒரு வேலையும் செய்யாமல் போய் வந்திருந்தது. எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு அவள் வந்து மேசையில் சும்மா இருப்பாள். போனைக் கவிழ்த்து வைப்பாள், நிமிர்த்துவாள். மனிசி வெங்காயம் உரிக்கக் கொடுத்தாள். உரித்தாள். விசா முடியும் நாளைப் பற்றி மூன்று பேரும் கதைக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, மனிசி மீன் பொரித்துக்கொண்டு இருந்தபோது போன் வந்தது. அவள் எழும்பி அறைக்குள் போனாள். நோர்வேஜிய மொழியில் “யா, யா” என்று மட்டும் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மனிசி கரண்டியோடு நின்றாள்.

அவள் வாசலில் வந்து நின்றாள். எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். மனிசி “மாதாவே” என்றாள். அவள் அங்கேயே நின்று கோயம்புத்தூருக்குப் போன் எடுத்தாள். அங்கே அவளுடைய அம்மா. அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் காற்றாடியின் இரைச்சலில் அவளுக்கு அம்மாவின் பேச்சு கேட்கவில்லை. காதை மற்றக் கையால் பொத்தினாள். நான் காற்றாடியை நிறுத்தினேன்.

“அம்மா, நான்தான். இல்லம்மா, அழுவல. கேளு…”

மீன் புகைந்தது. புகை மேலே போய்க் கூரையில் இருந்த புகை மணியில் பட்டது. மணி கத்தத் தொடங்கியது. மனிசி துவாயை எடுத்து விசிறினாள். நான் மணியை நிறுத்தக் கதிரையில் ஏறினேன். போனுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

“என்னடி அங்க சத்தம்? தீப்பிடிச்சிருச்சா? வெளிய ஓடு!”

“ஒண்ணுமில்லம்மா” என்று அவள் மணிச் சத்தத்துக்கு மேலால் கத்தினாள். “வேலை கிடைச்சிருச்சு! நான் வரலம்மா, இங்கதான் இருப்பேன்!”